பறைக்கு மேடை, கூடைக்குப் பரண்

போன சித்திரையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆயிரத்து எண்ணூறு ரூபாய் கட்டிக் கூடை பின்னக் கற்றுக்கொள்ளப் போனேன். சிரிக்காதீர்கள் தோழர்களே. எங்க அம்மாச்சி கேட்டிருந்தால் வெற்றிலை எச்சிலைத் துப்பிவிட்டு, "ஏலே, உனக்குக் கிறுக்கு புடிச்சிருச்சா?" என்றிருப்பாள். அவள் செத்துப் பதினோரு வருஷமாச்சு. கேட்க ஆளில்லாத தைரியத்தில்தான் போனேன்.

மதுரையில் ஒரு மண்டபம். வாசலில் வாழைமரம், உள்ளே கோரைப்பாய், மத்தியானம் சாமைச்சோறு. நோட்டீசில், "மறைந்துவரும் மண்ணின் கலை! நம் மூதாதையரின் ஞானத்தை மீட்டெடுப்போம்!" என்று போட்டிருந்தது. 'நம்' மூதாதையராம். எந்த மூதாதையர் முடைந்தார், எந்த மூதாதையர் களத்துமேட்டில் நாற்காலி போட்டு உட்கார்ந்து முடையச் சொன்னார் என்பதெல்லாம் அந்த 'நம்'முக்குள் அமுங்கிப் போனது. இருபத்திரண்டு பேர் வந்திருந்தார்கள். கம்ப்யூட்டர் கம்பெனிக்காரர்கள், கட்டடக்கலை படிக்கிற பிள்ளைகள், டாக்டர் வீட்டு அம்மா இருவர். நல்ல மனுஷர்கள்தான். யார்மீதும் தனிப்பட எனக்குக் கோபமில்லை.

சொல்லிக்கொடுக்க ஒரு அம்மாவைத் தூத்துக்குடிப் பக்கமிருந்து பஸ் ஏற்றிக் கூட்டி வந்திருந்தார்கள். அறுபத்தைந்து வயசிருக்கும். என்ன சாதி என்று நான் கேட்கவில்லை. தெற்கே ஓலைப்பெட்டி முடைகிறவர்களில் பல சாதிப் பெண்கள் உண்டு. ஆனால் பேரைக் கேட்டுத் தெரிந்துகொண்டேன், ஏனென்றால் நோட்டீசில் அவர் பேர் இல்லை. நடத்துகிறவர் பேர், படமெடுக்கிறவர் பேர், சாமைச்சோறு சமைத்தவர் பேர்கூட இருந்தது. சொல்லிக்கொடுக்கிறவர் வெறும் 'பாட்டி'. நாற்காலியில் உட்கார்ந்து நடத்துகிறவர் ஒரு மணி நேரம் பேசினார். பாட்டி தரையில் உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டே, எங்களுக்கான ஓலையை ஈரத்துணியில் சுற்றிக்கொண்டிருந்தார்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். எங்கள் கைக்கு வந்தது குருத்தோலை. வெட்டி, காயவைத்து, ஈர்க்கு உரித்து, ஒரே அகலத்தில் வார்ந்து, பதமாக நனைத்து வந்த ஓலை. நனையாவிட்டால் ஒடியும், அதிகம் நனைந்துபோனால் பூசணம் பிடிக்கும். விளிம்பு கட்டுவதற்கு நாரும் தயாராக இருந்தது. அந்த நார் பனைமட்டையில் வருவது. மட்டையின் இரண்டு ஓரத்திலும் ரம்பப் பல்லாகக் கருக்கு இருக்கும். அதைச் சீவித் தள்ளி, மட்டையைப் பிளந்து, அகணியை உரித்தெடுப்பதற்குள் கை கிழிந்துவிடும். பாமா 1992இல் தன் புத்தகத்துக்குக் 'கருக்கு' என்று பேர் வைத்தது சும்மா இல்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை கருக்கு எங்கள் யார் கையையும் தொடவில்லை. கிழிகிற வேலையெல்லாம் வெள்ளிக்கிழமையே பாட்டி வீட்டு முற்றத்தில் முடிந்திருந்தது. பின்னுகிற அழகு மட்டும்தான் எங்களுக்கு. 'கற்றுக்கொண்டோம்' என்று சொல்லிக் கைதட்டினோம்.

மற்றவர்களைவிட எனக்கு வேகமாக வந்தது. இரண்டு மணிக்குள் நாலு மூலையும் மடக்கி எழுப்பிவிட்டேன். நடத்துகிறவர் பின்னால் வந்து நின்று, "அட, உங்க குடும்பத்தொழிலா சார்? ரத்தத்துலேயே இருக்கு பாருங்க" என்றார். பாராட்டாகத்தான் சொன்னார். அதற்கப்புறம் என் கை ஓடவில்லை.

ரத்தம்! டாக்டர் வீட்டம்மாவுக்குப் பின்னல் வந்தபோது 'கிரியேட்டிவிட்டி' என்றவர் அவர்தான். எனக்கு வந்தால் ரத்தமாம். அவர்களுக்கு மூளையில் இருப்பது நமக்கு ரத்தத்தில் இருக்கிறது என்றால், இவர்கள் மீட்டெடுக்க வந்தது எந்த ஞானம் என்று அங்கேயே தெரிந்துபோயிற்று.

சாயங்காலம் பாட்டியிடம் கூலி கேட்டேன். எழுநூறு ரூபாய், பஸ் காசு தனி. நான் வங்கியில் கூட்டிக் கழிக்கிறவன். இருபத்திரண்டை ஆயிரத்து எண்ணூறால் பெருக்கினால் 39,600. மண்டப வாடகை, சாப்பாடு, நோட்டீஸ் எல்லாம் போகட்டும், ஒத்துக்கொள்கிறேன். வித்தை யாரிடம் இருக்கிறதோ அவர் கைக்கு நூற்றுக்கு இரண்டு ரூபாய்கூடப் போகவில்லை. இதைவிட நியாயமாக எங்க ஊர்க் கந்துவட்டிக்காரன் நடந்துகொள்வான்.

சரி, என் ரத்தக் கதையைச் சொல்கிறேன்.

நான் சாத்தூர்ப் பக்கத்துக் கரிசல்காரன். எங்க அம்மாச்சி முடைந்தது ஓலைப்பெட்டி இல்லை. துவரைக் கூடை. தை, மாசியில் துவரை அறுத்து அடித்தபின் மிஞ்சுகிற மாரை, ஈரம் காய்வதற்குள் கொண்டுவந்துவிட வேண்டும். நேரான மிலாறாகப் பொறுக்கி, இலைதழை உருவி, முற்றியதைக் குச்சிக்கும் இளசைச் சுற்றுவதற்குமாகப் பிரித்துப் போடுவாள். ஓடைக்கரையில் நொச்சி கிடைத்தால் அதையும் கலந்துகொள்வாள். நொச்சி நல்லா வளையும். எட்டுக் குச்சியை நெடுக்கேயும் எட்டைக் குறுக்கேயும் பரப்பி, நடுவில் குதிகாலை வைத்து அமுக்கிக்கொண்டு, ஓரத்தில் ஒரே ஒரு குச்சியைத் தனியாகச் செருகுவாள். சின்ன வயசில் நான் அது எதுக்கு என்று கேட்டிருக்கிறேன்.

"ஒத்தப்படையா இருக்கணும்யா. ரெட்டப்படையா நின்னா சுத்தி வர்ற மிலாறு அதே குச்சிக்கு முன்னாலயே வந்து வந்து விழும். பூட்டு விழாது. கூடை நிக்காது."

பள்ளிக்கூடமே போகாத பொம்பளை சொன்ன கணக்கு இது. ஒற்றை மிலாறைக் கொண்டு தொடர்ந்து சுற்றும்போது, குச்சிகளின் நுனி ஒற்றைப்படையில் இருந்தால்தான் போன சுற்றில் முன்னால் போனது இந்தச் சுற்றில் பின்னால் போகும். இதைப் பாடப்புத்தகத்தில் போட்டிருந்தால் எனக்கு ஏழாம் வகுப்பில் ஒற்றைப்படை, இரட்டைப்படைக்கு அடி விழுந்திருக்காது. வாய் மடக்கிக் கட்டியபின் சாணி மெழுகிக் காயவைத்தால் தவசம் சிந்தாது.

கூடைகள் எங்கே போயின? தை பிறந்தால் பத்துக் கூடை பண்ணையார் களத்துக்குப் போகணும். விலை கிடையாது. களத்தில் கடைசியாகக் கூட்டி அள்ளுகிற மண்ணும் பதருமான தானியத்தில் இரண்டு மரக்கால் அளந்து போடுவார்கள். அதை வாங்கி வர அவள் கொண்டுபோனதும் அவள் பின்னின கூடைதான். அதே கூடையில்தான் எங்கம்மா பன்னிரண்டு வயசிலிருந்து பண்ணையார் தொழுவத்துச் சாணியையும் குப்பையையும் சுமந்தாள். மழைக்காலத்தில் கூடை ஒழுகும். தலையில் சும்மாடு நனைந்து, முகத்தில் வழிந்து, வாய்க்குள் போகும். அம்மா இதைச் சொல்லும்போது அழுததில்லை. ஆனால் வீட்டில் அம்மாச்சி கூடை முடைய உட்கார்ந்தால் என்னையும் தங்கச்சியையும் பக்கத்தில் விடமாட்டாள். "அதத் தொட்டா கைய ஒடச்சிருவேன், போயிப் படி."

படித்தேன். பட்டம் வாங்கினேன். பரீட்சை எழுதி வங்கிக்குப் போனேன். கூடை பரணுக்குப் போனது. சந்தைக்கு பிளாஸ்டிக் கூடை வந்தது, கட்டட வேலைக்கு இரும்புச் சட்டி வந்தது. அம்மாச்சி கடைசியாகக் கூடை பின்னி எத்தனை வருஷம் ஆனது என்று எங்கள் வீட்டில் யாருக்குமே நினைவில்லை.

எங்கம்மா செய்தது சரிதான். இதை அழுத்திச் சொல்கிறேன். கைவினை அழிகிறதே என்று கண்ணீர் விடுகிற கனவான்கள் எங்கம்மா முகத்தில் வழிந்ததைத் துடைத்துவிட்டு வந்து பேசட்டும்.

கூடை என்பது இந்த நாட்டில் வெறும் பாத்திரமில்லை. உத்தரப்பிரதேசத்தில் 'பான்ஸ்ஃபோர்' என்றொரு பட்டியல் சாதி இருக்கிறது. மூங்கிலைப் பிளக்கிறவன் என்று அர்த்தம். தொழிலே பேர், பேரே சாதி. பீகாரில் டோம், மகாராஷ்டிரத்தில் புருட் என்று போய்க்கொண்டே இருக்கலாம். மூங்கில் கூடை முடைவது தலைமுறை தலைமுறையாக இவர்கள் தலையில். ஒரு தீண்டப்படாதவர் கூடையை முடைவார். இன்னொரு தீண்டப்படாதவர் அதில் மலம் அள்ளுவார். சாதி உழைப்பைப் பிரிப்பதோடு நிற்பதில்லை, உழைப்பாளிகளையே பிரித்து மேலும் கீழுமாக அடுக்குகிறது என்று அண்ணல் 1936இல் சொன்னது இந்த ஒரு கூடைக்குள் அடங்கியிருக்கிறது. மலம் அள்ள ஆள் வைக்கக்கூடாது என்று 1993இல் ஒரு சட்டம் போட்டார்கள், போதாமல் 2013இல் இன்னொன்று போட்டார்கள். இரண்டுக்கும் நடுவே, 2010இல், உ.பி.யின் பதாயூன் மாவட்டத்தில் 'டலியா ஜலாவோ' என்று கிளம்பியது. கூடையை எரி என்று அர்த்தம். வால்மீகிப் பெண்கள் மலம் சுமந்த கூடைகளை நடுத்தெருவில் போட்டு எரித்தார்கள். அந்தத் தீக்கு முன்னால் நின்றுகொண்டு 'பாரம்பரியக் கைவினை' என்று வாயைத் திறக்க யாருக்காவது தைரியம் உண்டா?

இதற்கு நேர் எதிரே செட்டிநாட்டுக் கொட்டானை வைத்துப் பாருங்கள். அதுவும் ஓலைதான், அதுவும் பின்னல்தான். ஆச்சிமார் கல்யாணச் சீருக்கும் சடங்குக்கும் ஓய்ந்த வேளையில் பின்னினார்கள். அதனால் அவர்களைக் கொட்டான் சாதி என்று யாரும் கூப்பிட்டதில்லை. கொட்டான் புவிசார் குறியீடு வாங்கிவிட்டது, ஏற்றுமதியாகிறது, நல்லது. ஆனால் இழிவு ஓலையிலோ பின்னலிலோ இல்லை என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம். யார் வீட்டில் ஓய்வு வேளையில் பின்னினார்கள், யாரை யார் களத்துக்குப் பின்னச் சொன்னார்கள், அதில்தான் எல்லாம் இருக்கிறது.

இதுவரை வெளியே இருக்கிறவர்களைத் திட்டினேன். இனி வீட்டுக்குள் வருகிறேன். இந்தப் பக்கங்களை வாசிக்கிற தோழர்களுக்குத்தான் இது.

பறையை நாம் என்ன செய்தோம்? சாவுக்கு அடிக்கமாட்டோம் என்று ஊர் ஊராக மறுத்தார்கள். அதற்காக அடி வாங்கினார்கள், குடிசை எரிந்தது, ஊர்விலக்கம் நடந்தது. இன்னொரு பக்கம், பறை நம் போர்க்கருவி, அதை விடக்கூடாது என்றார்கள். விடுவதா, எடுப்பதா என்று 1990களில் நம் இதழ்களில் பக்கம் பக்கமாகச் சண்டை நடந்தது. எனக்கு அப்போது பால்குடி வயசு, பழைய இதழ்களைத் தூசி தட்டிப் படித்ததில் தெரிந்துகொண்டது. மதுரையில் நடந்த தலித் கலைவிழாக்களில் பறை மேடையேறியது. திண்டுக்கல் சக்தி கலைக்குழுப் பெண்கள் அதைக் கையில் எடுத்தார்கள். இன்று பார்ப்பன வீட்டுப் பிள்ளையும் காசு கட்டிப் பறை கற்றுக்கொள்கிறது. அதிலும் நூறு வில்லங்கம் இருக்கிறது, அதை இன்னொரு நாள் பேசலாம். ஆனால் ஒரு விஷயம் நடந்தது: பிறப்பால் அடிக்கிற கட்டாயத்தை மறுத்தோம், வித்தையை நம்முடையது என்று உரிமை கொண்டாடினோம். இரண்டையும் ஒரே மூச்சில் செய்தோம்.

கூடைக்கு அந்த விவாதம் ஏன் நடக்கவில்லை? ஒரு இதழ், ஒரு தீர்மானம், ஒரு கருத்தரங்கு? எனக்குத் தெரிந்து கண்ணில் படவில்லை. காரணம் கேட்டால் கசக்கும். பறை ஆம்பளை கையில் இருந்தது. அதற்குச் சத்தம் இருக்கிறது, ஆட்டம் இருக்கிறது, போஸ்டரில் போட்டால் கம்பீரமாக இருக்கும். கூடை பொம்பளை மடியில் இருந்தது. குனிந்து உட்கார்ந்து, பேசாமல், அடுப்பில் உலை கொதிக்கிற நேரத்துக்குள் பின்னுகிற வேலை. அதைக் கலகம் என்று யார் பார்ப்பார்கள்? நம் கவிஞர்கள் (என்னையும் சேர்த்துத்தான்) பறையைப் பற்றி எழுதிய கவிதைகளை அடுக்கினால் ஆள் உயரம் வரும். அம்மாச்சியின் ஒத்தப்படைக் குச்சியைப் பற்றி நான் இதுவரை ஒரு வரி எழுதியதில்லை. பறைக்கு மேடை கொடுத்தோம். கூடையைப் பரணில் போட்டோம். அந்தப் பரணிலிருந்து இறக்கி, தூசி தட்டி, ஆயிரத்து எண்ணூறு ரூபாய் டிக்கெட் போட்டு இன்னொருத்தன் விற்கிறான். வயிறெரிந்து என்ன பிரயோசனம்?

இது வெறும் கலாச்சாரப் பேச்சில்லை. அரசாங்கம் வேறு வழியாகக் கூடைக்குள் கையை விடுகிறது.

1953இல் ராஜாஜி கொண்டுவந்த குலக்கல்வித் திட்டம் எல்லோருக்கும் தெரியும். பாதி நாள் பள்ளிக்கூடம், மீதி நேரம் அப்பன் தொழில். பெரியார் தெருவில் இறங்கினார், ராஜாஜி பதவியை விட்டுப் போனார், 1954இல் காமராசர் வந்து அதைத் தூக்கிப் போட்டார். எழுபது வருஷம் கழித்து, 2023 செப்டம்பர் 17 அன்று ஒன்றிய அரசு 'பிரதமரின் விஸ்வகர்மா' திட்டத்தைத் தொடங்கியது. 13,000 கோடி ரூபாய். பதினெட்டுத் தொழில்கள். கூடை, பாய், துடைப்பம் செய்கிறவர்களும் அந்தப் பட்டியலில் உண்டு. முதலில் ஒரு லட்சம், பிறகு இரண்டு லட்சம் கடன், வட்டி ஐந்து சதம். கேட்க இனிக்கிறது. ஆனால் விண்ணப்பிக்கிறவர் குடும்ப வழியில் வருகிற பாரம்பரியத் தொழிலில் இருக்க வேண்டும் என்று நிபந்தனை. தலைக்குமேல் விஸ்வகர்மா என்று ஒரு தெய்வத்தின் பேர் வேறு. பூணூல் போட்ட ஆசாரிகளின் தெய்வத்தைச் செருப்புத் தைக்கிறவனுக்கும் கூடை முடைகிறவளுக்கும் கூரையாகப் போட்டிருக்கிறார்கள். மழைக்கு ஒழுகாமலா இருக்கும்?

தமிழ்நாடு அரசு 2024 நவம்பரில் இந்த வடிவத்தில் இதை நடைமுறைப்படுத்த மாட்டோம் என்று எழுதியது. குடும்பத்தொழில் நிபந்தனையை எடுக்கச் சொன்னது. 2025 ஏப்ரலில் 'கலைஞர் கைவினைத் திட்டம்' என்று தனியாகத் தொடங்கியது. சாதி, குடும்பம் கேட்காது. மூன்று லட்சம் வரை கடன், கால்வாசி மானியம், அதுவும் ஐம்பதாயிரத்துக்கு மிகாமல். சின்னப் பிள்ளைகள் படிப்பை விட்டு அப்பன் தொழிலுக்கு வந்துவிடக்கூடாது என்று முப்பத்தைந்து வயசு ஆகியிருக்க வேண்டும் என்றார்கள். எண்ணம் நியாயம்தான், நானும் கைதட்டினேன்.

என் சித்தி மகள் வந்து நிற்கிற வரைக்கும்.

இருபத்தாறு வயசு. பி.ஏ. படித்தவள். தீப்பெட்டி ஆபீசுக்குப் போகமாட்டேன், ஜவுளிக்கடையில் பத்து மணி நேரம் நின்றுகொண்டு வேலை பார்க்கமாட்டேன் என்று தீர்மானமாக இருக்கிறாள். 2019 ஜனவரியில் தமிழ்நாட்டில் ஒருமுறை வீசுகிற பிளாஸ்டிக்கைத் தடை செய்ததிலிருந்து ஓலைப்பெட்டிக்கும் கூடைக்கும் ஆர்டர் வருகிறது, நாலு பெண்களைச் சேர்த்துக்கொண்டு தொழிலாகச் செய்கிறேன் என்று கடன் கேட்டு வந்தாள். எங்க அம்மாச்சியிடம் கடைசியாகக் கற்றுக்கொண்டது அவள்தான் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். அம்மா என்னை விரட்டியபோது அவள் அம்மாச்சி பக்கத்தில் உட்கார்ந்திருந்திருக்கிறாள்.

கடன் கொடுக்கிற அதிகாரம் எனக்கில்லை, நான் கிளார்க். ஆனால் விண்ணப்பத்தை முதலில் வாங்குகிற கை என் கை. 'தொழில்' என்ற கட்டத்தில் 'கூடை முடைதல்' என்று எழுதியிருந்தாள். வாங்கி மேசைமேல் வைத்துவிட்டு நான் பேசின பேச்சு இருக்கிறதே! "நாலு தலைமுறையாச் சொமந்த கூடை. அத எறக்கி வைக்கத்தானம்மா எங்கம்மா என்னப் படிக்க வச்சா? நீ பட்டம் வாங்கிட்டு மறுபடி அதுலயே போயி உக்காரப் போறியா? தையல்னு மாத்தி எழுது, மேனேஜரும் சீக்கிரம் கையெழுத்துப் போடுவார்." அம்பேத்கர் எல்லாம் பேசினேன். பின்னால் வரிசையில் நின்றவர்கள் எரிச்சலானார்கள்.

அவள் அமைதியாகக் கேட்டாள்: "அண்ணே, நீங்க மதுரையில காசு கட்டிக் கத்துக்கிட்டு வந்து, போன்ல படம் போட்டீங்களே, அது என்ன? நீங்க செஞ்சா கலை, நான் செஞ்சா குலத்தொழிலா?"

பதிலில்லை. முத்திரையைத் தேடுகிற மாதிரி மேசை டிராயரைத் திறந்து மூடினேன்.

அவள் விடவில்லை. "எங்கம்மாவும் அம்மாச்சியும் வெலையில்லாமப் பின்னுனாங்க, பண்ணையாருக்குப் பயந்து பின்னுனாங்க. நான் வெல சொல்லுவேன். புடிக்கலன்னா பின்னமாட்டேன். ரெண்டும் ஒண்ணாண்ணே?"

தோழர்களே, பட்டம் வாங்கிய நம்மில் பலருக்கு இந்த நோய் உண்டு. அடிமைத்தனத்தை வெறுக்கப் போய், அடிமையாயிருந்த கையையே வெறுத்துவிடுகிறோம். பண்ணையார் எங்கள் கூடையை இழிவு என்றார், நானும் இழிவு என்கிறேன். அவருக்கும் எனக்கும் அந்த ஒரு இடத்தில் ஒத்துப்போகிறது என்றால் தப்பு எங்கே? ராஜாஜி அவளைப் பார்த்து நீ பின்னித்தான் ஆகணும் என்றார். நான் நீ பின்னவே கூடாது என்கிறேன். அவள் என்ன நினைக்கிறாள் என்று இரண்டு பேருமே கேட்கவில்லை.

ஆகவே என் கட்சியை வெளிப்படையாக வைக்கிறேன். சண்டைக்கு வருகிறவர்கள் வரலாம்.

மலக்கூடை எரியட்டும், இன்னும் எங்கே மிச்சமிருந்தாலும் எரியட்டும். விலையில்லாமல் களத்துக்கும் கோயிலுக்கும் ஊர்க்காரியத்துக்கும் முடைந்து கொடுப்பது எங்கே நடந்தாலும் அது நிற்க வேண்டும். நம் பிள்ளைகளைப் பார்த்து 'உங்க தொழில்' என்று எந்த வாத்தியாராவது சொன்னால் அன்றைக்கே பள்ளிக்கூட வாசலில் உட்கார வேண்டும். இதில் பேச்சுக்கே இடமில்லை.

ஆனால் வித்தை நம்முடையது. அதை விற்கிற, சொல்லிக்கொடுக்கிற, விலை வைக்கிற, மறுக்கிற உரிமை அதைத் தெரிந்த பெண்களுடையது. யார் வேண்டுமானாலும் கற்றுக்கொள்ளட்டும், ஆச்சி வீட்டுப் பேத்தியும் அய்யர் வீட்டுப் பேரனும் கருக்குச் சீவுவதிலிருந்து தொடங்கட்டும். விரல் நகக்கண்ணில் சிம்பு ஏறட்டும். ஆனால் சொல்லிக்கொடுக்கிறவர் நாற்காலியில் உட்காரட்டும், நோட்டீசில் அவர் பேர் முதலில் வரட்டும், வசூலில் பாதி அவர் கைக்குப் போகட்டும். அரசுப் பள்ளிகளில் கைத்தொழில் கற்றுத்தர வேண்டுமென்றால், எல்லாச் சாதிப் பிள்ளைக்கும் சேர்த்து, கணக்கு வாத்தியாருக்குக் கொடுக்கிற சம்பளத்தை எங்கள் சித்திமாருக்கும் கொடுத்து வைத்துக்கொள்ளட்டும். ஒத்தப்படைக் கணக்குத் தெரிந்தவர்கள்தானே? முப்பத்தைந்து வயசு நிபந்தனையில், படிப்பை முடித்தவர்களுக்கு விலக்குக் கேட்டுப் போராட வேண்டும். பதினாலு வயசுப் பிள்ளையைக் காப்பாற்றப் போட்ட வேலி இருபத்தாறு வயசுப் பட்டதாரியின் காலில் குத்துகிறது.

இன்னொன்று, மூலப்பொருள். இதைப் பேசாத கைவினைப் பேச்சு பொய்ப்பேச்சு. மூங்கில் என்பது புல். ஆனால் 1927ஆம் வருஷ இந்திய வனச் சட்டம் அதை மரம் என்று எழுதி வைத்தது. காட்டுக்கு வெளியே வளர்ந்த மூங்கிலை வெட்டிக் கொண்டுபோகக்கூட அனுமதிச்சீட்டு. 2017இல்தான், அதுவும் காட்டுக்கு வெளியே வளர்ந்ததற்கு மட்டும், அதை மாற்றினார்கள். தொண்ணூறு வருஷம்! அதற்கு நடுவே காகித ஆலைகளுக்குக் காட்டு மூங்கிலைக் கிள்ளுக்கீரை விலைக்கு அள்ளிக் கொடுத்தார்கள். கர்நாடகத்தில் கூடை முடைகிறவர்கள் மூங்கில் கிடைக்கவில்லை என்று முறையிட்டதன்பேரில்தான் 1970களில் மாதவ் காட்கில் போன்றவர்கள் போய் அந்தக் கொள்ளையை ஆராய்ந்தார்கள். எங்கள் ஊரில் மூங்கில் இல்லை, துவரை. ஆனால் துவரை யார் காட்டில் விளைகிறது? நொச்சி நின்ற ஓடைப் புறம்போக்கில் இப்போது சீமைக்கருவேல் நிற்கிறது. 1892இல் நமக்கென்று ஒதுக்கிய பஞ்சமி நிலம் கையில் இருந்திருந்தால் என் தங்கச்சி மாருக்காக யார் களத்திலும் போய் நிற்க வேண்டியதில்லை. கூடையைப் பேசினால் அது நிலத்தில்தான் போய் முட்டும். அதனால்தானோ என்னவோ மண்டபத்தில் அன்றைக்கு யாரும் ஓலை எங்கிருந்து வந்தது என்று கேட்கவில்லை.

விண்ணப்பம் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். 'கூடை முடைதல்' என்றே உள்ளே அனுப்பினேன். இரண்டு தடவை திரும்பி வந்தது. 'இதற்கெல்லாம் மார்க்கெட் இருக்கிறதா' என்று சிவப்பு மையில் ஒரு கேள்வி. அவள் ஆர்டர் சீட்டுகளை ஒட்டித் திருப்பி அனுப்பியிருக்கிறாள். மூன்றாம் தடவை இன்னும் உள்ளே கிடக்கிறது.

மதுரையில் நான் பின்னிய பெட்டியை அவளிடம் காட்டினேன். திருப்பிப் பார்த்தாள், ஒரு மூலையில் விரலை விட்டாள், விரல் உள்ளே போய்விட்டது. "ஓலை காஞ்சப்புறம் இறுக்கணும்ணே, யாரும் சொல்லலயா?" என்றாள். யாரும் சொல்லவில்லை. ஒரு நாள் பயிற்சியில் ஓலை காய நேரமேது?

எங்கம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. தையில் துவரை அறுத்ததும், மார் காய்வதற்குள் வரச்சொல்லியிருக்கிறாள் தங்கச்சி. மூன்று நாள் லீவு எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஒரு நாளைக்கு ஐந்நூறு ரூபாய் ஃபீஸாம். முன்பணம் வாங்கிக்கொண்டாள்.